தூறல்ல பிள்ளைகளை வெளியே விடுங்க

ஐப்பசி அடைமழையில பிள்ளைங்களை நாள் முழுக்க டிவி முன்னாடி உட்கார வைக்காதீங்க, பாவம். சளி வைரஸால வர்றது, தூறலால இல்ல. ஆனா ஈரத்துணியோட காத்துல நின்னா சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துடும். அதனால 3, 4 வயசுக்கு 20 நிமிஷம் போதும். நடுங்க ஆரம்பிச்சா உடனே உள்ளே.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், தண்ணி குடிச்சுக் கனக்கும். மெல்லிசான அரை டிராயர் போதும். ஹவாய் செருப்பு சேத்துல மாட்டி வார் பிடுங்கிக்கும். குதிகால்ல பட்டை வச்ச செருப்பு நல்லது.

தெருவுல தேங்கின தண்ணியில மட்டும் இறக்காதீங்க. எலி சிறுநீர் கலந்திருந்தா கால் கீறல் வழியாவே எலிக்காய்ச்சல் வரும். அடியில சாக்கடை மூடி திறந்திருக்கும், மின்கம்பத்துல கசிவு இருக்கும். வீட்டு முற்றமே மேல். இடி கேட்டா உள்ளே வந்துடணும், கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் வெளியே கிடையாது.

கப்பலுக்கு நியூஸ்பேப்பர் ஆகாது, ரெண்டு நிமிஷத்துல ஊறி அடி பிரிஞ்சிடும். நோட்டுத்தாள்ல செஞ்சு, அடியில மெழுகுவத்தியை அழுத்தித் தேய்ங்க. ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்க: முத்து மாதிரி உருண்டு ஓடும். பிள்ளை கண்ணு அப்போ விரியும் பாருங்க!

உள்ளே வந்ததும் முதல்ல தலை துவட்டுங்க. சோப்புப் போட்டு வெந்நீர்க் குளியல். கால்விரல் இடுக்கை ஈரமில்லாம ஒத்தி எடுங்க, இல்லேன்னா சேத்துப்புண் வந்துடும்.