யூலை முதலாம் திகதி பிறந்தவர்கள்

சிட்னியின் மேற்கே, பெயார்பீல்டில், எங்கள் பக்கத்து வீட்டுக்கு 2016 இல் ஓர் ஈராக்கியக் குடும்பம் வந்தது. சிரிய, ஈராக்கிய அகதிகளுக்கென்று அதற்கு முந்திய வருடம் ஆஸ்திரேலியா அறிவித்த 12,000 மேலதிக இடங்களில் வந்தவர்கள். வந்து மூன்று மாதம் இருக்கும், அந்த வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் ஒரு தட்டு கிளெய்ச்சா நீட்டினார். பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பலகாரம். பின்னால் நின்ற மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அம்மோ (அரபியில் மாமா), உங்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியுமாம்."

என் வீட்டாரை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்ட அனுபவம் இருந்ததால் தலையாட்டிவிட்டேன். ஐந்தரை வருடம் இழுக்குமென்று அப்போது தெரியாது.

அந்தப் பெண்ணின், எனக்கு அக்காவாகிவிட்டவரின், தாயும், தம்பி குடும்பமும் ஜோர்தானில், அம்மான் நகரில், ஒற்றை அறையில் இருந்தார்கள். ஐ.நா. அகதி அட்டை உண்டு. வேலை செய்ய அனுமதி இல்லை. அவர்களுக்கான மனிதாபிமான விசா 202 ஆம் இலக்கம். இங்கே இருந்து முன்மொழிபவர் 681 ஆம் படிவம், அங்கே இருப்பவர் 842 ஆம் படிவம். விண்ணப்பக் கட்டணம் இல்லை. விமானச் சீட்டு எங்கள் தலையில். ஒன்றைச் சொல்லவேண்டும்: இந்த நாட்டில் குடிவரவு ஆலோசனை சொல்லப் பதிவுபெற்ற முகவரோ சட்டத்தரணியோ வேண்டும். நான் தட்டச்சு செய்தவன் மட்டுமே. ஆலோசனைக்கு ஓர் இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குப் போனோம்.

முதல் தலையிடி பெயர். ஈராக்கியருக்குத் தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர். படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது. முதலெழுத்தோடு வந்து இங்கே தகப்பன் பெயரால் கூப்பிடப்படுகிற எங்களுக்கு இது புதிதா என்ன? ஆனால் அக்காவின் கடவுச்சீட்டில் 'யூசிஃப்', தம்பியின் ஐ.நா. அட்டையில் 'யூசுஃப்'. அரபியில் ஒரே சொல். ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி எழுதி, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கினோம்.

தாயின் பிறந்த திகதி யூலை 1. தகப்பனுக்கும் யூலை 1, பெரிய மாமனுக்கும் அதுவே. பிழை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். பிறந்த நாள் தெரியாத ஆட்களுக்கெல்லாம் அந்தக் காலத்துப் பதிவாளர்கள் யூலை முதலாம் திகதியைப் போட்டுவிடுவார்களாம்.

அடுத்தது வாக்குமூலம்: ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள்? நான் எழுத்துக்காரன் என்ற நினைப்பில் விளாசினேன். 2003 படையெடுப்பு, 2008 இல் கடத்தப்பட்டு இறந்த மொசூல் பேராயர் ரஹ்ஹோ, 2010 ஒக்ரோபர் 31 அன்று பக்தாத் தேவாலயத்தில் நடந்த கொலைகள், எல்லாம் நாலு பக்கத்துக்கு. 2017 இல் அனுப்பினோம். 2018 நடுப்பகுதியில் ஒரு பக்கக் கடிதம் வந்தது: நிராகரிப்பு. மேன்முறையீடு கிடையாது, வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

சட்டத்தரணி என் நாலு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் பேப்பரில் வந்தது. இந்தக் குடும்பம் எங்கே?"

திரும்ப உட்கார்ந்தோம். இந்தமுறை அக்கா சொன்னார், மகள் மொழிபெயர்த்தாள், நான் அடித்தேன். தாய் மொசூலில் இருந்தவர். 2014 யூனில் ஐஎஸ் என்ற 'இஸ்லாமிய அரசு' ஆயுதக் குழு நகரைப் பிடித்தது. யூலையில் வீட்டுப் படலையில் கிறிஸ்தவரைக் குறிக்கும் 'நஸ்ரானி' என்பதன் முதல் அரபு எழுத்தான 'நூன்' பூசப்பட்டது. யூலை 19 நண்பகலுக்குள் மதம் மாறு, இல்லாவிட்டால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான ஜிஸ்யா வரி கட்டு, அல்லது வெளியேறு. எதுவுமில்லை என்றால் வாள். எதிர்வீட்டு முஸ்லிம் மனிதர்தான் விடிய முதல் வந்து, "பெரிய சோதனைச்சாவடிப் பக்கம் போகவேண்டாம்" என்று சொன்னவர். வேறு வழி இருக்கவில்லை. சாவடியில் காசு, கைபேசி, தம்பியின் அடையாள அட்டை போயிற்று. தாயின் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். விரல் நடுங்கிச் சுரை கழரவில்லை; நின்றவன் ஒருவன் பொறுமையில்லாமல் இழுத்துவிட்டான். பக்கத்துக் கிறிஸ்தவ ஊரான கரகோஷுக்கு வந்து மூன்று கிழமை ஆகவில்லை, ஓகஸ்ட் 6 இரவு அந்த ஊரும் விழுந்தது. குர்திஷ் பகுதி நகரான எர்பிலுக்குப் போகும் வீதியில் ஊரே நின்றது.

'தோடு' என்று அடித்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. 1990 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணம். இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொல்லப்பட்ட எங்கள் முஸ்லிம் சனத்தை வரிசையில் விட்டு, காசையும் நகையையும் வாங்கினார்கள். வாங்கியது எங்கள் ஆட்கள், புலிகள். எனக்குத் தையல் சொல்லித்தந்த ஒரு மாமியும் அந்த வரிசையில் வெறுங்காதோடு நின்றவர். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை அக்காவிடம் சொன்னேன். ஏன் சொன்னேனோ. மகள் மொழிபெயர்க்க முதல் கொஞ்சம் யோசித்தாள். அக்கா எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். பிறகு கேட்டது ஒன்றுதான்: "திரும்பி வந்தார்களா?"

"கொஞ்சப் பேர்" என்றேன்.

எதிர்வீட்டு மனிதரைப் பற்றி எழுதினால் வழக்குப் பலவீனமாகிவிடுமோ என்று பயந்து அழித்திருந்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, சட்டத்தரணியும் திரும்பப் போடச் சொன்னார். 2019 கடைசியில் அம்மானில் நடந்த நேர்முகத்தில், அவரைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்களாம். கேட்டவர் சோதித்தாரோ, தெரியாது. சொல்லத் தம்பியிடம் ஆயிரம் விஷயம் இருந்தது.

2020 பெப்ரவரியில் விசா. மார்ச் கடைசிக்குச் சீட்டுப் போட்டோம். மார்ச் 20 அன்று கொரோனாவால் எல்லை மூடப்பட்டது. அதற்குப் பிந்திய காலத்தை எழுத எதுவுமில்லை: மருத்துவச் சோதனை காலாவதி, திரும்பச் சோதனை, சீட்டுக் காசுக்கு விமான நிறுவனத்தோடு மல்லுக்கட்டு. 2021 டிசம்பரில் கதவு திறந்தது, 2022 சனவரியில் வந்திறங்கினார்கள்.

அடுத்த கிழமை ஆச்சியைக் கூட்டிக்கொண்டு அரச கொடுப்பனவுகளைக் கவனிக்கும் சென்ரர்லிங்க் அலுவலகத்துக்குப் போனோம். இடது காதில் அந்தத் தழும்பு தெரிந்தது. வலது காதில் அக்கா வாங்கிக்கொடுத்த சின்னத் தோடு. வரிசையில் வந்த பெண் அலுவலர் பிறந்த திகதி கேட்டார். பேத்தி சொன்னாள்.

அலுவலர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "இன்றைக்கு இது மூன்றாவது யூலை ஒன்று" என்றார்.

பேத்தி அதை மொழிபெயர்க்க, ஆச்சி கதிரையில் திரும்பி, மற்ற இரண்டு பேரும் யாரென்று பின்னால் இருந்த வரிசைகளைப் பார்க்கத் தொடங்கினார்.