காலி டப்பாவின் விலை

மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் ஃபிளாட்டின் உள்ளறையில், பட்டுப்புடவைகளை வைப்பதற்கென்று வாங்கிய இரும்பு அலமாரியின் மேல் தட்டுகள் இரண்டைக் கடந்த பதினெட்டு ஆண்டுகளாகப் பழைய துப்பாக்கிப் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. துப்பாக்கி ஒன்றுகூட என்னிடம் இல்லை. அதை வாங்கும் ஆசையும் எனக்கு என்றுமே இருந்ததில்லை. "கத்தி இல்லாத உறைக்கு இத்தனை உபசாரமா?" என்று என் மனைவி கேட்பது நியாயமான கேள்விதான்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். அவை வந்திறங்கிய அட்டைப்பெட்டிக்கு வேண்டியதில்லை. ஆனால் அதே சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டாக் கணக்கிலேயே சேர்த்திருப்பதால், பெட்டியின் மூலையில் ஒரே ஒரு பழைய தோட்டா உறை உருண்டுகொண்டிருந்தாலும் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, கவிழ்த்து உதறிப் பார்த்த பிறகே பெட்டியைக் கையில் வாங்குவேன். பொழுதுபோக்குக்காகக் காவல் நிலையப் படியேறும் வயது எனக்கில்லை.

இந்தப் பழக்கம் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில்தான் தொற்றியது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கூடும் ஜும்மா பஜாருக்குப் பழைய ரேடியோ உதிரிகள் தேடிப் போயிருந்தேன். மட்டன் தெரு முனையில் ஒருவர் ஒரு பழுப்பு அட்டைப்பெட்டி நிறைய மர ஸ்க்ரூக்களைப் போட்டு வைத்திருந்தார். மூடியில் எண்ணெய்க் கறைக்கு அடியில் 'ஈலி-கைனாக்' என்ற பெயர் தெரிந்தது. 'பன்னிரண்டு போர்' எனப்படும் குழாய் அளவுள்ள வேட்டைத் துப்பாக்கிக்கான தோட்டாக்கள் இருபத்தைந்து அடங்கும் பெட்டி அது. பக்கவாட்டில், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு கடையின் சிறிய சீட்டும், அதில் ஐந்தே இலக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. "ஸ்க்ரூ வேண்டாம் பாய், டப்பா மட்டும் போதும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காலி டப்பாவா? அறுபது ரூபாய் கொடுங்கள் அண்ணா" என்று ஸ்க்ரூக்களைச் சாக்கில் கொட்டினார்.

வீட்டுக்கு வந்து அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தபோது ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் இரசாயன நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஈலி லண்டன் நிறுவனம்; கைனாக் பர்மிங்காமைச் சேர்ந்தது. போட்டியாளர்களாக இருந்த இரண்டும் முதல் உலகப்போர் முடிந்த 1918இல் ஒரே குடையின் கீழ் வந்தன. அந்தக் கூட்டு நிறுவனம் 1926இல் ஐ.சி.ஐ.யில் கரைந்தது. ஆகவே என் பெட்டி 1926க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஒரு தோட்டாப் பெட்டி தன் வயதைத் தானே சொல்லும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இத்தகைய அட்டைக்கு விலை ஏற்படும் காரணம் மிக எளியது. இரும்புக்கு எண்ணெய் போட்டால் நூறாண்டு நிற்கும். உரிமையாளரும் அதைப் பூட்டிப் பாதுகாப்பார். அட்டையோ தூக்கி எறியப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. வாங்கிய வாரத்திலேயே அது பொத்தான் டப்பாவாகவோ அடுப்பு எரிக்கும் காகிதமாகவோ ஆகிவிடும். ஆயிரக்கணக்கில் பிழைத்திருக்கும் ஒரு ரிவால்வருக்கு அதன் பெட்டி சில நூறு மட்டுமே பிழைத்திருந்தால், அமெரிக்க ஏலங்களில் வெறும் பெட்டியே சில நூறு டாலருக்குப் போவதில் வியப்பில்லை.

ஆங்கிலேயரின் உயர்ந்த வேட்டைத் துப்பாக்கிகளின் கதை வேறு. அவை ஓக் மரமும் தோலும் வெல்வெட்டும் கொண்ட பேழைகளில் வந்தன. எறிய யாருக்கும் மனம் வராது. அங்கே விலைமதிப்புள்ளது மூடியின் உட்பக்கம் ஒட்டிய கடைச் சீட்டு. லண்டனில் துப்பாக்கி செய்யும் பர்டி நிறுவனத்தின் சீட்டில் 314½, ஆக்ஸ்ஃபோர்டு தெரு என்ற முகவரி இருந்தால், அவர்கள் 1880களின் தொடக்கத்தில் சவுத் ஆட்லி தெருவுக்குக் குடிபெயர்வதற்கு முந்தைய சீட்டு அது. அந்தப் பேழைகள் என் சம்பளத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் எட்டாதவை. ஒன்றை ஒரு பார்சி நண்பரின் வீட்டில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பெட்டியும் ஆயுதமும் ஒன்றான விந்தையும் உண்டு. மவுசர் சி96 கைத்துப்பாக்கியின் மரப்பெட்டியைப் பிடியின் பின்புறம் பொருத்தினால் அதுவே தோளில் தாங்கும் கட்டையாகிவிடும். 1914 ஆகஸ்ட் 26 அன்று, கல்கத்தாவில் துப்பாக்கி வியாபாரம் செய்த ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கில் ஐம்பது மவுசர்களும் 46,000 தோட்டாக்களும் வங்கப் புரட்சியாளர் கைக்குப் போயின. சுங்கத்தில் சரக்கை எடுத்து மாட்டுவண்டிகளில் ஏற்றி அனுப்பிய கம்பெனிக் குமாஸ்தா ஸ்ரீஷ் சந்திர மித்ராவே அவர்களுள் ஒருவர். நீதிபதி ரௌலட் தலைமையிலான குழுவின் 1918ஆம் ஆண்டு அறிக்கை, அந்தப் பெட்டியைத் துப்பாக்கியோடு இணைத்து ரைஃபிளைப் போல் தோளில் வைத்துச் சுடலாம் என்பதைத் தனியே எடுத்துச் சொல்கிறது. ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணும் கம்பெனியின் ஏட்டில் இருந்ததால்தான், பின்னர் கைப்பற்றப்பட்டவை ரோடா சரக்குதான் என்று அடையாளம் காண முடிந்தது.

எண் என்பது இந்தத் துறையின் உயிர்நாடி. அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் தொழிற்சாலையில் அந்நாளில் ரிவால்வரைப் பெட்டியில் வைக்கும்போதே அதன் வரிசை எண்ணைப் பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதிவிடுவார்கள். துப்பாக்கியின் எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒத்துப்போனால் இரண்டின் விலையும் ஏறும். ஒத்துப்போகாவிட்டால், மாதிரி ஒன்றாகவே இருந்தாலும், அது வெறும் பெட்டி. இங்கேதான் வியாபாரிகளின் கைவரிசை தொடங்குகிறது: அநாதைப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, அடியில் உள்ள எண்ணை ரப்பரால் அழித்து, புதிதாக எழுதி, அநாதைத் துப்பாக்கி ஒன்றுக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள். பொய் ஜாதகம் கொடுத்துக் கல்யாணம் முடிப்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

முழுப் பெட்டியையே புதிதாக அச்சடித்து விற்பவர்களும் உண்டு. நூறாண்டுப் பழையது என்று ஒருவர் தபாலில் அனுப்பிய வின்செஸ்டர் தோட்டாப் பெட்டியின் மேல், கள்ள நோட்டைச் சோதிக்கும் புறஊதா டார்ச்சை அடித்தபோது அது நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகே பரவலாயின. அதற்கு முந்தைய காகிதம் அந்த வெளிச்சத்தில் மங்கலாகத்தான் கிடக்கும். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் அது 1963க்குப் பிற்பட்டது. பெட்டியில் 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. நான் இழந்தது நாலாயிரம் ரூபாய்; டார்ச்சின் விலை நூற்றைம்பது. வரிசையை மாற்றி வாங்கியிருக்கலாம்.

மும்பையில் அட்டைக்கு முதல் எதிரி ஜூன் மாதம். நான்கு மாத மழையின் ஈரத்தில் பசை இளகும், சீட்டு உப்பும், ஸ்டேப்பிள் கம்பி துருவேறி அட்டையைத் தின்னும். இராமபாணப் பூச்சிக்குப் பழைய மாவுப்பசையைப் போல் விருந்து வேறில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். பாச்சை உருண்டையைப் பெட்டிக்குள் போடாமல் தட்டின் ஓரத்தில் துணியில் முடிந்து வைக்கிறேன். ஆனால் என் சேகரிப்பில் மிக மோசமாகக் கெட்டுப்போனதைக் கெடுத்தவன் நானேதான். அந்த முதல் ஈலி-கைனாக் பெட்டியின் மூடி ஒரு மூலையில் கிழிந்திருந்ததைக் கண்டு, மிகுந்த பொறுப்புணர்வோடு செல்லோ டேப் ஒட்டினேன். மூன்று மழைக்காலத்தில் டேப் உதிர்ந்துவிட்டது. தேன் நிறத்தில் அதன் கறை மட்டும் அச்செழுத்தின் மேல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

சென்ற தீபாவளிக்கு முன்பு, தூரத்து உறவினர் ஒருவர் வழியாக ஒரு தொழிலதிபர் வீட்டுக்கு வந்தார். அவருடைய தந்தை லைசென்ஸோடு வைத்திருந்த ஸ்மித் அண்டு வெஸ்ஸன் .32 ரிவால்வர் இப்போது அவர் பெயருக்கு மாறியிருக்கிறது. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களில் நின்றுபோனதால் இத்தகையவற்றுக்கு இங்கே தனி மவுசு. என்னிடம் அதே மாதிரியின் பெட்டி, இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய மெரூன் நிற அட்டையில் ஓரங்களுக்குத் தகரம் வைத்தது, இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஆறு இலக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். அவர் கைப்பேசியில் இருந்த லைசென்ஸ் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் இரண்டு இலக்கங்கள் ஒத்தன; மற்றவை ஒத்துப்போகவில்லை.

"பென்சில்தானே சார், அழித்துவிடலாமே" என்றார். இருபதாயிரம் தருவதாகவும் சொன்னார். அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் கை ஒரு கணம் நின்றதை நான் கவனித்தேன்.

கொடுக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு, வருத்தமில்லாமல்தான் போனார். அவர் போன பிறகு அந்த எண்ணை என் நோட்டில் மறுபடி சரிபார்த்துக்கொண்டேன். நான்காவது இலக்கம் மூன்றா எட்டா என்பது முன்பு பூதக்கண்ணாடி இல்லாமல் தெரிந்தது. இப்போது அது இருந்தும் சிரமமாக இருக்கிறது. நோட்டில் மூன்று என்றுதான் எழுதியிருக்கிறேன்.