ரத்தமும் புட்டிங், பொங்கலும் புட்டிங்

தைப்பொங்கலன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஹை, ரைஸ் புட்டிங்!” என்றாள். தேடிப் பிடித்து வாங்கிய மண்டை வெல்லம், ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம், நெய்யில் பொரிந்த முந்திரி எல்லாம் அந்த ஒரு சொல்லில் பள்ளிக்கூட மதிய உணவு மேசைக்குப் போய்விட்டன. சுருக்கென்றது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கிலாந்தில் சாப்பாட்டுக்குப் பின்னால் வரும் இனிப்பு எதுவானாலும் புட்டிங்தான். ஆப்பிள் பையும் புட்டிங், ஐஸ்கிரீமும் புட்டிங்.

மான்செஸ்டருக்கு வடக்கே குடியேறி வருடங்கள் ஓடிவிட்டன. மழையைப் பற்றிப் புலம்புவதை விட்டாயிற்று. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது தானாக வாயில் வருகிறது. நன்றாகப் பழகிவிட்டது என்றுதான் ஊரில் கேட்பவர்களிடம் சொல்கிறேன். ஆனால் இந்தப் புட்டிங் மட்டும் பிடிகொடுக்கவே இல்லை.

திண்டுக்கல்லில் எங்களுக்குத் தெரிந்த புட்டிங், கல்யாண ரிசப்ஷனில் கிண்ணத்தில் வரும் பிரெட் புட்டிங். இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் வறுத்த இறைச்சியோடு தட்டில் வருகிறது யார்க்‌ஷயர் புட்டிங். மைதா, முட்டை, பால் கரைத்த மாவைக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைத்தால் உப்பிக்கொண்டு எழும். நடுவில் குழி, அதில் கிரேவி. இனிப்பு கிடையாது. 1747-ல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் புத்தகத்திலேயே இது இந்தப் பெயரில் இருக்கிறது. 4 அங்குலமாவது உயரவில்லை என்றால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று 2008-ல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி தீர்ப்பே சொல்லிவிட்டது. நம் ஊர் இட்லிக்கு இப்படி ஒரு சட்டம் வந்தால் பாதிக் குடும்பம் கம்பி எண்ண வேண்டியதுதான். கிறிஸ்துமஸுக்கு பிளம் புட்டிங் என்று ஒன்று. அதில் பிளம் பழம் இருக்காது. அந்தக் காலத்தில் உலர்திராட்சைக்கும் பிளம் என்றுதான் பெயராம். சரி, போகட்டும்.

இவ்வளவு குழப்பத்துக்கும் மூலம் ஒரு குடல். பிரெஞ்சில் ‘பூதேன்’ என்றால் ரத்தம் அடைத்த குடல். அதிலிருந்துதான் புட்டிங் வந்தது என்பது பலருடைய கருத்து. அதற்கும் முந்தைய லத்தீன் வேர், ஒரு வகை அடைத்த குடலைக் குறிக்கும் சொல். கெட்டுப்போன உணவில் உண்டாகும் போட்டுலிசம் நோயின் பெயரும் அதே குடும்பம். ஆக, முதலில் புட்டிங் என்றாலே குடலிலோ இரைப்பையிலோ அடைத்து வேகவைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் குடலுக்குப் பதில் துணியில் கட்டி வேகவைக்கும் பழக்கம் பரவியது. அப்புறம் கேட்கவா வேண்டும்? மாவு, பழம், சர்க்கரை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் துணிக்குள் போனது. பெயர் மட்டும் மாறவில்லை.

பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கும் ஊர் பரி. மான்செஸ்டரிலிருந்து மஞ்சள் டிராமில் போனால் கடைசி நிறுத்தம். பரி மார்க்கெட்டில் பிளாக் புட்டிங் விற்கிறார்கள். கன்னங்கரேலென்று வளைந்த குடல், உள்ளே பன்றி ரத்தம், கொழுப்பு, பார்லி. கொதிக்கும் நீரிலிருந்து எடுத்து, நீளவாக்கில் கீறி, கடுகுச் சாந்து தடவிக் கையில் தருகிறார்கள். என்னுடன் வந்த அலுவலகத் தோழி, “அதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தெரியாமலா?

திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கறிக்கடைக்குத் தூக்குவாளியோடு போக வேண்டும். லேட்டானால் ஆட்டு ரத்தம் தீர்ந்துவிடும். வாளியிலேயே அது கட்டியாக உறைந்துவிடும். அம்மா அதை மஞ்சள் போட்டு வேகவைத்து, உதிர்த்து, நிறையச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கிப் போட்டுக் கிளறுவார். கடைசியில் தேங்காய்ப்பூ. இரும்புச் சட்டியில் அடியில் ஒட்டிய முறுகலுக்குத்தான் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. பரி மார்க்கெட்டில் முதல் கடி கடித்தபோது மிளகாயும் தேங்காயும் இல்லையே என்றிருந்தது. ஆனால் அந்த இரும்பு வாசம் அதேதான். பொங்கலைப் புட்டிங் என்றபோது தூரமாகப் போன ஊர், பன்றி ரத்தத்தில் பக்கத்தில் வந்து நிற்கும் என்று யார் கண்டது? இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு வாங்கி வந்து, தோலை உரித்து உதிர்த்து, வெங்காயம் போட்டு வதக்குகிறேன். கணவர் தொடமாட்டார். எனக்கு அது சௌகரியம்.

பக்கத்து ஊரான ராம்ஸ்பாட்டமில் செப்டம்பரில் ஒரு போட்டி நடக்கும். 20 அடி உயரத்தில் யார்க்‌ஷயர் புட்டிங்குகளை அடுக்கி வைத்து, கீழேயிருந்து பிளாக் புட்டிங்கை எறிந்து வீழ்த்த வேண்டும். பிளாக் புட்டிங்குக்குப் பேர்போன லங்காஷயருக்கும் பக்கத்து யார்க்‌ஷயருக்கும் பழைய பகை. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காக நடந்த ரோஜாப் போரில் குண்டு தீர்ந்ததும் இரண்டு தரப்பும் சாப்பாட்டை எறிந்து சண்டை போட்டதாக ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். வீடியோ காலில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா சிரிக்கவே இல்லை.

“ரத்தத்தையா எறியறாங்க? ஒரு நாள் அந்தக் கறிக்கடையில அஞ்சு மணிக்கு நின்னு பார்க்கச் சொல்லு.”