டயட் உடைவது மாலை ஐந்து மணிக்கு

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொன்னால், ஐந்து அளவுகளில் குறைந்தது மூன்று எல்லை மீறியிருக்கின்றன என்று பொருள். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 150, வெறும் வயிற்றில் சர்க்கரை 100, பிரஷர் 130/85. இவை ஏறக் கூடாது. நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். மட்டும் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50-க்குக் கீழே இறங்கக் கூடாது.

இதைச் சரிசெய்ய டயட் இருக்கும் பலரும் காலையில் ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு இட்லி, மதியம் அரை வயிற்றுக்குச் சோறு. ஐந்து மணிக்குப் பசி பிடுங்கும். டீயோடு இரண்டு வடை, நாலு பிஸ்கட். இரவு ஒன்பதரைக்கு நாலு தோசை. மன உறுதி இல்லை என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். கோளாறு அதில் இல்லை. சோற்றைக் குறைத்தவர்கள் அந்த இடத்தில் புரதத்தையும் காய்கறியையும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மதியத் தட்டில் பாதி பொரியல், கூட்டு, கீரை. கால் பங்கு மீன், முட்டை அல்லது கெட்டியான பருப்பு. மீதி கால் பங்குதான் சோறு, ஒரு கப் போதும். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது.

சாயங்காலத்துக்கான ஏற்பாட்டை முந்தின இரவே செய்துவிட வேண்டும். ஆளுக்கு 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவையுங்கள். மறுநாள் குக்கரில் வேகவைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் சுண்டல் தயார். சுமார் பத்து கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் கிடைக்கும். நாலரைக்கே, பசி முற்றுவதற்கு முன் சாப்பிடுங்கள். ஆபீஸ் போகிறவர்கள் டப்பாவில் கொண்டுபோகலாம். கைக்கெட்டும் தூரத்தில் சுண்டல் இருந்தால் வடைக்கு மனம் அலையாது. இரவு எட்டு மணிக்குள், அரிசி ஒரு பங்குக்குப் பருப்பு வகைகள் இரண்டு பங்கு போட்டு அரைத்த அடை இரண்டு.

ஆரோக்கியம் என்ற பெயரில் ஏமாற்றுபவையும் உண்டு. நைசாக அரைத்த ராகி மாவில் காய்ச்சும் கஞ்சி சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் சர்க்கரையே. தினை தோசையும் நாலு சாப்பிட்டால் மாவுச்சத்துதான். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். ஒன்றாம் தேதியே தனி பாட்டிலில் அளந்து ஊற்றிவிட்டால் கை தானாகக் கட்டுப்படும்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிய வேண்டும், பாட முடியாத வேகம். இரவு சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடப்பது தனிப் பலன். வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. மழை, விருந்தாளி, ஆபீஸ் அலைச்சல் என்று தடை வரும் நாளுக்குக் குறைந்தபட்சமாக வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முழுதாக விட்ட ஒரு நாள்தான் ஒரு வாரமாக நீளும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, சோறு குறைந்து நடை கூடினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை அதன் அடையாளம். பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். மருந்தின் அளவை டாக்டரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

எடை மெஷினில் தினமும் ஏறி மனம் நோக வேண்டாம். வாரம் ஒரு முறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப்பால் அளந்து எழுதுங்கள். பேன்ட் சைஸ் தொப்பைக்குக் கீழே எடுப்பது. அது கணக்கில் வராது. 80 கிலோ எடை உள்ளவர் நாலைந்து கிலோ குறைந்தாலே பிரஷரிலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்யும்போது டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியிருக்கலாம். ஹெச்.டி.எல். மெதுவாகத்தான் ஏறும், அதைப் பார்த்து நடையை நிறுத்திவிடாதீர்கள்.