மனித மரபியல் படிக்கப் போகும் நம்ம கடற்கரைப் பிள்ளைகளுக்கு

பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு மனித மரபியலில் எம்.எஸ்சி. சேரலாமா என்று கீழக்கரை, தங்கச்சிமடம் பக்கமிருந்து தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் சரி, முதலில் கைவர வேண்டியது பெடிகிரி, அதாவது குடும்பத்தில் நோய் எப்படி இறங்குகிறது என்று காட்டும் வம்ச வரைபடம், வரைவதுதான். பிசிஆர் (டிஎன்ஏவைப் பல பிரதி எடுப்பது), சீக்வென்சிங் (டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிப்பது) எல்லாம் லேபில் பழகிக்கொள்ளலாம்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கருப்பு அடைப்பு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. உங்கள் வீட்டையே மூன்று தலைமுறைக்கு வரைந்து பாருங்கள். அத்தை மகன், மாமன் மகள் கட்டியிருந்தால் பிள்ளையின் உட்கலப்புக் கெழு (ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 1/16. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டியிருந்தால் 1/8. முஸ்லிம் குடும்பங்களில் தாய்மாமனைக் கட்டும் வழக்கம் கிடையாது. சித்தப்பா மகள், பெரியம்மா மகள் என்று கட்டலாம், அதுவும் 1/16 தான். தாத்தா பாட்டியே சொந்தம் என்றால் கணக்கு இன்னும் ஏறும். நம்ம பக்கத்துக் குடும்பங்களில் இப்படி ஏறுவது அதிசயமில்லை.

இந்தப் பழக்கம் நேராக சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கு (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு) உதவும். உயிரியல் தாளின் பார்ட் சி-யில் 75 கேள்வி, 25 எழுதினால் போதும், சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 போகும். கேள்வி இப்படி வரும்: அக்காவுக்கு ஒடுங்கு ஜீன் நோய் (இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வரும் நோய்), பெற்றோருக்கு இல்லை, தம்பியும் நலம். அந்தத் தம்பி கேரியராக, அதாவது நோய் இல்லாமல் பழுதான பிரதி ஒன்றைச் சுமப்பவராக, இருக்க வாய்ப்பு எவ்வளவு? பலர் 1/2 என்று குறிப்பார்கள். தம்பிக்கு நோய் இல்லை என்று தெரிந்தபிறகு நான்கில் ஒரு வாய்ப்பு கழிந்துவிடுகிறது. மிச்சம் மூன்றில் இரண்டு கேரியர். விடை 2/3. இந்தத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் பணம் கேட்காமல் ஆராய்ச்சி செய்யலாம்.

அப்புறம் களப்பணி. பிறவிக் காதுகேளாமை போன்றவற்றுக்காகக் குடும்பங்களைப் பார்க்கப் போகும்போது, "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். "கட்டிக்கிறதுக்கு முன்னாடி அவங்க உங்களுக்கு என்ன முறை வேணும்?" என்று கேளுங்கள், பாட்டி ஒருவர் இருந்தால் முழு வம்சமும் வந்துவிடும். ரத்தம் எடுக்கும்போது டிஎன்ஏவுக்கு ஊதா மூடி இடிடிஏ குழாய், குரோமோசோம் பார்க்கப் பச்சை மூடி ஹெப்பாரின் குழாய் (இரண்டும் ரத்தத்தை உறையவிடாத மருந்துகள்). மாற்றிவிட்டால் ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும். கேரியோடைப்புக்கு, அதாவது குரோமோசோம்களை வரிசைப்படுத்திப் பார்ப்பதற்கு, ரத்த செல்கள் உயிரோடு லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், நம்ம ஊர் வெயிலில் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க நேரம் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். குழாயில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். ஒரு பெண் கேரியர் என்ற செய்தி தெருவில் கசிந்தால் அவள் கல்யாணப் பேச்சே நின்றுபோகும். முடிவை அவளிடம் மட்டும், மரபியல் ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.