உலாவிவழி மெய்நிகர்க் கணினியில் தட்டச்சு பின்தங்கியபோது

உலாவிக்குள் இயங்கும் மெய்நிகர்க் கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் நிர்வாகப் பயிற்சி செய்துகொண்டிருந்த காலத்தில், நான் அடிக்கும் எழுத்துகள் திரையில் தோன்றுவதற்கு அரை வினாடிக்கும் மேலாகத் தாமதமாகத் தொடங்கியது. சில வேளைகளில் ஒருமுறை அழுத்திய எழுத்து நான்கைந்து முறை பதிவானது. கோப்புகளை நீக்கும் கட்டளையில் தவறான எழுத்து விழுந்தால் என்ன ஆகும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இணைய வேகச் சோதனையோ ஒவ்வொரு முறையும் மிக நல்ல எண்களையே காட்டியது. அதனால் குறை எங்கே இருக்கிறது என்பதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பதென முடிவு செய்தேன்.

ஒரு விசையை அழுத்தியதும் உலாவியிலுள்ள நிரல் அதை வெப்சாக்கெட் என்னும், உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு வழியாக அனுப்புகிறது. நோவிஎன்சி, அப்பாச்சி குவாக்கமோலி போன்ற, தொலைவிலுள்ள கணினியின் திரையை உலாவியில் காட்டும் மென்பொருள்களைக் கொண்டு அமைந்த ஆய்வகங்களில், இடையிலுள்ள வழங்கி அதை மெய்நிகர்க் கணினியிடம் சேர்க்கிறது. அங்கே எழுத்து வரையப்பட்டு, திரையில் மாறிய பகுதி மட்டும் சுருக்கப்பட்ட படமாகத் திரும்பி வருகிறது. ஒவ்வோர் எழுத்தும் இப்படிப் போய்த் திரும்பிய பிறகே கண்ணுக்குத் தெரியும். வெப்சாக்கெட், தரவை வரிசை மாறாமல் சேர்க்கும் டிசிபி நெறிமுறை மீது இயங்குவதால், வழியில் ஒரு பொட்டலம் (தரவுத் துண்டு) தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை அனைத்தும் காத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

முதலில் என் பக்கத்தைச் சோதித்தேன். வேறொரு தாவலில் சாதாரண உரைப்பெட்டியில் எழுதியபோது எழுத்துகள் உடனே தோன்றின. உலாவியில் வன்பொருள் முடுக்கம் (திரை வரையும் வேலையை வரைகலைச் செயலியிடம் விடும் வசதி) அணைந்திருந்தது. அதை இயக்கி, நீட்சிகள் ஏதுமற்ற தனிச் சாளரத்தில் ஆய்வகத்தைத் திறந்தேன். திரை சற்றுச் சீராக நகர்ந்தது என்றாலும் தட்டச்சில் மாற்றமில்லை.

அடுத்து மெய்நிகர்க் கணினியைப் பார்த்தேன். கணினியின் பணிச்சுமையைக் காட்டும் டாப் கட்டளையின் முதல் சில வரிகளில் 'எஸ்டி' (st) என்றொரு எண் இருக்கும். நம் மெய்நிகர்க் கணினி இயங்கக் காத்திருக்கும்போது, அடியிலுள்ள இயந்திரம் பிற பணிகளுக்குச் செயலியை ஒதுக்கிவிட்ட நேரத்தின் விழுக்காட்டை அது சொல்கிறது. அந்த எண் உயர்ந்திருந்தால் நம்மால் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆய்வகத்தை நடத்துபவர்களிடம் அந்த எண்ணுடன் முறையிடலாம். எனக்கு அது ஏறத்தாழ சுழியமாகவே இருந்தது. திரைத் தெளிவை 1920×1080 என்பதிலிருந்து 1280×720 ஆகக் குறைத்தேன். படப்புள்ளிக்கு 4 பைட் என்று கொண்டால், சுருக்கப்படாத ஒரு முழுத்திரை 8.3 மெகாபைட்டிலிருந்து 3.7 மெகாபைட்டாக இறங்குகிறது. நீண்ட கோப்புகளை உருட்டுவது எளிதானது. தட்டச்சு மட்டும் அப்படியே இருந்தது. ஓர் எழுத்து தோன்றும்போது மாறுவது திரையின் மிகச் சிறிய துண்டு என்பதால், அதன் தாமதத்துக்குப் படத்தின் அளவு காரணமாக இருக்க முடியாது.

ஆக, எஞ்சியது வழி. இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றொன்றில் ஆய்வக வழங்கிக்கும் இடைவிடாமல் பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் சிறு செய்தி) அனுப்பிக்கொண்டே பயிற்சியைத் தொடர்ந்தேன். இந்த ஒரு செயல்தான் உண்மையை வெளிக்கொணர்ந்தது. ரவுட்டரின் பதில் எப்போதும் சில மில்லி வினாடிகளில் வந்தது. எனவே வைஃபை மீது குறையில்லை. ஆய்வக வழங்கியின் பதிலோ அமைதியான நேரத்தில் 40 மில்லி வினாடியை ஒட்டி இருந்து, திடீரென 500-ஐத் தாண்டிச் சில நிமிடங்கள் அங்கேயே நின்றது. அந்த நிமிடங்களில் என் கணினி கிளவுட் சேமிப்பகத்துக்குக் காப்புநகல்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

பதிவேற்றம் இணைப்பை நிரப்பும்போது, அனுப்ப முடியாத பொட்டலங்களை ரவுட்டரோ மோடமோ தன் இடையகத்தில் வரிசையாகச் சேர்த்துவைக்கிறது. என் ஒற்றை விசையழுத்தமும் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. இதற்குப் பஃபர்புளோட் என்று பெயர்; 2010-ஆம் ஆண்டளவில் இதைப் பரவலாகக் கவனப்படுத்திய ஜிம் கெட்டிஸ், ஒரு கணினியில் இயங்கும் நிரலின் சாளரத்தை வேறொரு கணினியின் திரையிலும் காட்டவல்ல எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவர். தொலைவிலுள்ள திரையைக் கையாள வழி செய்தவரே அதன் தாமதத்துக்கான காரணத்தையும் தேடிச் சென்றது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. வேகச் சோதனையின் பெரிய எண் வினாடிக்கு எவ்வளவு தரவு போகிறது என்பதையே சொல்கிறது. வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

காப்புநகல் மென்பொருளில் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைத்ததும் நிலைமை உடனே மாறியது. பின்னர் ரவுட்டரில், வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் வசதியை இயக்கி, கேக் என்னும் வரிசை முறையைத் தேர்ந்து, பதிவேற்ற வேகத்தை உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைவாகக் குறித்தேன். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும். அதன்பின் காப்புநகல் ஓடும்போதும் பிங் 60 மில்லி வினாடியைத் தாண்டுவது அரிது. ஆய்வகம் எந்த வட்டாரத்தில் இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இடமிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒளியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், 5,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வழங்கிக்குப் போய்வரக் குறைந்தது 50 மில்லி வினாடி ஆகும்; அதை எந்த அமைப்பாலும் குறைக்க முடியாது.

எழுத்துகள் பலமுறை பதிவானதற்கும் இதே தாமதம்தான் காரணம். விசையை அழுத்தியதும் விடுவித்ததும் தனித்தனிச் செய்திகளாகச் செல்கின்றன. விடுவித்த செய்தி வழியில் தாமதித்தால், விசை அழுத்தியபடியே இருப்பதாக மெய்நிகர்க் கணினி கருதி எழுத்தைத் திரும்பத் திரும்பப் பதிக்கிறது. எக்ஸ் விண்டோ சூழலில் 'எக்ஸ்செட் ஆர் ஆஃப்' (xset r off) என்ற கட்டளை இந்தத் திரும்பப் பதித்தலை நிறுத்திவிடும். பாதை சீரான பிறகும், முக்கியமான பயிற்சிகளில் அதை நிறுத்தியே வைக்கிறேன். பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்து அழிக்க முடியாமல் போவது இதிலுள்ள ஒரு குறை. லினக்ஸின் கட்டளைச் சூழலான பாஷில் கடைசிச் சொல்லை அழிக்கும் கன்ட்ரோல்-டபிள்யூ பல உலாவிகளில் ஆய்வகத் தாவலையே மூடிவிடும் என்பதால், அதற்குப் பதிலாக ஆல்ட்டுடன் பேக்ஸ்பேஸை அழுத்துகிறேன்.