ஐந்து சுடர்கள், ஓர் அகல் விளக்கு

கார்த்திகைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்குப் படங்களில் சுடர் அசையும் விதம் எனக்கு எப்போதும் உறுத்தும். இடது, வலது, இடது, வலது என்று பெண்டுலம் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். உண்மையான அகலில் சுடர் அப்படியா ஆடுகிறது? பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும், சட்டென்று ஒரு பக்கம் சாயும், உடனே எழுந்துகொள்ளும், காற்று கொஞ்சம் பலமாக வந்தால் குட்டையாகித் தவிக்கும். இந்த வருடம் அதை நானே செய்து பார்த்துவிடுவது என்று படம் வரையவும் திருத்தவும் உதவும் கிம்ப் என்ற மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தேன். காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

கிம்ப்பில் அசையும் படத்துக்கென்று, காட்சிகளை நேர வரிசையில் அடுக்கும் டைம்லைன் எதுவும் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்கள் மாதிரி இருக்கும் லேயர்களில் ஒவ்வொன்றும் ஒரு காட்சி, அவ்வளவுதான். அடியில் இருக்கும் லேயர் முதலில் வரும், உச்சியில் இருப்பது கடைசியில்.

400க்கு 400 பிக்சலில் புதுப் படம், பின்னணி முழுக்க அடர்பழுப்பு, அதன்மேல் மண் அகல், திரி, நிமிர்ந்த ஒரு சுடர். பின்னணியை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். இந்த அசையும் படத்தைச் சேமிக்கப்போகும் ஃபைல் வடிவமான ஜிஃப்பில் ஒரு பிக்சல் ஒன்று முழுதாகத் தெரியும், இல்லையென்றால் முழுதாக மறையும், நடுவில் அரைகுறையே கிடையாது என்பதால் சுடரின் மங்கலான ஓரம் ரம்பப்பல் மாதிரி ஆகிவிடும்.

முதலில் சுடரை மட்டும் தனித்தனி லேயர்களில் வரைந்து ஓட்டினேன். பழைய சுடர் போகாமல் அதன்மேலேயே புதுச்சுடர் ஏறி, மூன்று திரி போட்ட விளக்கு மாதிரி ஆகிவிட்டது. லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போவதுதான் அங்கே இயல்பான வழக்கம். சரி, பழையதை நீக்கிவிட்டுப் புதியதைக் காட்டும் 'ரீப்ளேஸ்' முறைக்கு மாற்றினால் அகலே காணாமல் போகிறது! அப்புறம்தான் முழுப் படத்தையும், அகலும் பின்னணியுமாக, ஐந்து பிரதி எடுத்தேன். ஒவ்வொன்றிலும் வார்ப் கருவியால் சுடரின் நுனியை மட்டும் இழுத்து வளைத்தேன். திரியைத் தொடும் அடிப்பகுதியை அசைக்கவே கூடாது, அசைத்தால் சுடர் விளக்கைவிட்டு நழுவுவது போலிருக்கும்.

உயிர் வருவது நேரத்தில்தான். எக்ஸ்போர்ட் செய்யும்போது கிம்ப் காட்டும் இடைவெளி 100 மில்லிசெகண்ட், எல்லாவற்றுக்கும் அதையே விட்டால் அதே பெண்டுலம்தான். லேயர் பெயரின் கடைசியில் அடைப்புக்குறி போட்டு அதற்குள் எண்ணையும் ஒட்டினாற்போல் ஆங்கிலத்தில் எம், எஸ் என்ற இரண்டு எழுத்தையும் எழுதினால் அந்தக் காட்சி அவ்வளவு நேரம் நிற்கும். நிமிர்ந்த சுடருக்கு 300, சாய்ந்ததற்கு 80, எழும்போது 120, குட்டையானதற்கு 150 கொடுத்தேன். நிமிர்ந்த லேயரையே பிரதி எடுத்து இடையிடையே இரண்டு முறை செருகினேன். ஜிஃப் நேரத்தைச் செகண்டில் நூற்றில் ஒரு பங்காகத்தான் எண்ணும், ஆகவே 85, 93 என்றெல்லாம் நுணுக்கம் பார்க்க வேண்டாம், பத்தின் மடங்காக வைத்தால் போதும். ஃபில்டர்ஸ் மெனுவில் அனிமேஷனுக்குள் இருக்கும் பிளேபேக்கில் ஓட்டிப் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள். நான் அரை மணி நேரம் இதிலேயே இருந்தேன், முகம் தெரிந்த ஒன்று மெல்ல மெல்ல உருவாவது மாதிரி இருந்தது.

இன்னொரு தொல்லை நிறம். ஜிஃப் 1987இல் வந்த வடிவம், ஒரு காட்சிக்கு 256 நிறங்கள்தான். சுடரைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டம் போட்டால் அது வளையம் வளையமாகப் பிரியும். ஒளிவட்டத்தைச் சிறிதாக்கினேன், நிறங்களை இப்படிக் குறைக்கும் இன்டெக்ஸ்ட் முறைக்கு மாற்றும்போது, இல்லாத நிறத்தைப் புள்ளிகளைக் கலந்து காட்டும் டித்தரிங்கில் 'பொசிஷன்ட்' என்பதைத் தேர்ந்தேன். மற்றவற்றில் புள்ளிகள் காட்சிக்குக் காட்சி இடம் மாறிப் பின்னணியே நடுங்குகிறது.

பிறகு அதே அனிமேஷன் மெனுவில் ஜிஃப்புக்கான ஆப்டிமைஸ். மாறாத அகலைத் திரும்பத் திரும்பச் சேமிக்காமல், மாறிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும், ஃபைல் நன்றாகச் சுருங்கும். எக்ஸ்போர்ட்டில் 'அனிமேஷனாக' என்ற கட்டத்தை டிக் செய்ய மறந்தால் அசையாத ஒற்றைப் படம்தான் கிடைக்கும்.

அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காத்து எந்தப் பக்கத்துல இருந்துடா அடிக்குது?" என்று கேட்டார். சுடர் ஒரு தடவை வலப்பக்கம், அடுத்த தடவை இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஒரு பக்கம்தானே இருக்கும். இடப்பக்கம் சாய்ந்த லேயரை எடுத்துவிட்டு, வலப்பக்கம் லேசாக மட்டும் சாய்ந்த ஒன்றை வரைந்து வைத்தேன். குடும்பக் குழுவுக்குப் போனது அதுதான்.